முழுசாகக் காய்ச்சிய தோட்டாக் கூடுகள்: மருமகன் ஞாயிற்றுக்கிழமை சுடப் போகிறான், தெரிந்தவர்கள் சொல்லுங்க

அனுப்பர்பாளையம் பட்டறை

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பித்தளைப் பாத்திரப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பாவும் இதே வேலைதான். முப்பத்தோரு வருஷமாகத் தகடும் உலையும் சுத்தியலும்தான் என் பிழைப்பு. ஆனால் இந்தக் கேள்வி பாத்திரத்தைப் பற்றியது இல்லை.

அக்கா பையன் அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கிறான். அங்கே பழைய காலத்து ரைஃபிள்களில் கருமருந்துத் தோட்டா போட்டுச் சுடும் போட்டிகள் நடக்குமாம். 200 மீட்டரில் இரும்புக் கோழி, 300-ல் பன்றி, 385-ல் வான்கோழி, 500-ல் செம்மறிக் கடா. அதைச் சுட்டு விழத்தட்ட வேண்டும். அவனிடம் இருப்பது ஷார்ப்ஸ் ரைஃபிளின் இத்தாலிய நகல், 45-70 என்கிற அளவுத் தோட்டா. அந்த ஊர்ச் சட்டப்படி சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுவி, மறுபடி மருந்தும் குண்டும் வைத்து அவனே தயார் பண்ணிக்கொள்கிறான்.

போன மாதம் வீடியோவில் கூப்பிட்டு, "மாமா, அஞ்சாறு தடவை சுட்டதும் கூடு வாயோரத்தில் கீறுது, பித்தளைக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. தகடு அடி வாங்க வாங்க விறைக்கும். விறைத்ததை மேலும் அடித்தால் ஓரம் பிளக்கும். உலையில் வைத்துச் செவக்கக் காய்ச்சி எடுத்தால் மறுபடி சொன்ன பேச்சுக் கேட்கும். குடத்துக்கு ஒரு நாளில் இதை எத்தனையோ தடவை செய்கிறோம். "செவக்கக் காய்ச்சித் தண்ணியில போடு மாப்ள" என்று சொல்லிவிட்டேன். அவனும் கரி அடுப்பில் 40 கூடுகளைக் கொட்டி, முழுசும் செவந்ததும் எடுத்துத் தண்ணீரில் போட்டிருக்கிறான்.

நேற்று ராத்திரி பேசும்போது அதில் ஒன்றை மேஜைமேல் நிறுத்திக் காட்டினான். கை பட்டுச் சாய்ந்தது. அந்தச் சத்தம் எனக்குச் சரிப்படவில்லை. காய்ச்சாத கூடு ஒன்றை எடுத்து அதேபோல் சாய்க்கச் சொன்னேன். அது கிணீரென்றது. காய்ச்சினது தொப்பென்றது. திரும்பத் திரும்ப நாலஞ்சு தடவை சாய்க்கச் சொல்லிக் கேட்டேன், அதேதான். பட்டறையில் அந்தத் தொப்பென்ற சத்தம் வந்தால் சந்தோஷம், தகடு வேலைக்குத் தயார் என்று அர்த்தம். ஆனால் உள்ளே மருந்து வெடிக்கிற சாமானுக்கு அடிப்பாகமும் அப்படி இளகிக் கிடக்கலாமா? அப்புறம் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போட்டி. நான் சொன்னது தப்பா? தப்பென்றால் அந்தக் கூடுகளை மறுபடி விறைக்க வைக்க வழி இருக்கா? விஷயம் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்க.

கோபிக்காரன், டென்வர்

அண்ணா, முதலில் இதைச் செய்யுங்க. இங்கே இப்போது காலை ஆறு மணி. மருமகனைக் கூப்பிட்டு எழுப்பி, அந்த 40 கூடுகளில் ஒன்றைக்கூடச் சுடக்கூடாது என்று சொல்லிவிடுங்க. சொன்ன பிறகு மீதியைப் படியுங்க.

நானும் பதினோரு வருஷமாக இதே 45-70 சுடுகிறேன். உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. தோட்டாக் கூடு ஒரே சாமான்தான், ஆனால் அதற்கு ரெண்டு பதம் வேண்டும். வாய் இளக்கமாக இருக்கணும். அடி கெட்டியாக இருக்கணும். மருந்து பற்றும்போது வாய்ப்பக்கம் விரிந்து, ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், புகை பின்னால் வராமல் அடைக்கும். அடிப்பக்கம்தான் பிரைமரை (தட்டினதும் பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி) பிடித்துக்கொண்டு அழுத்தம் முழுசையும் தாங்குவது. அடி இளகிவிட்டால் பிரைமர் உட்காரும் குழி விரியும், பிரைமர் தளரும். இன்னும் மோசமானால் அடியே கிழிந்து, சூடான வாயு சுடுகிறவன் முகத்துக்குத் திரும்பி வரும். கருமருந்துக்கு அழுத்தம் குறைவுதானே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். கண் விஷயத்தில் அந்தத் தைரியம் வேண்டாம்.

கூடு எப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னால் உங்களுக்கு உடனே பிடிபடும். பித்தளை வில்லையைக் கிண்ணமாக அழுத்தி, அதை இழுத்து இழுத்து நீட்டுகிறார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் நீங்கள் செய்கிற மாதிரி முழுசாகக் காய்ச்சுவார்கள். ஆனால் கடைசியில் அடியைக் குளிர்ந்த நிலையிலேயே அச்சில் வைத்து இடித்து விளிம்பும் பிரைமர் குழியும் எடுக்கிறார்கள். அந்த இடியில்தான் அடி விறைக்கிறது. அதன்பின் வாயை மட்டும் காய்ச்சுவார்கள், அடியில் நெருப்பே படாது. மருமகன் செய்தது அந்தக் கடைசி இடியை அழித்துவிட்டது.

சரியான முறை ரொம்ப எளிது. ஒரு தட்டில் கூட்டின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டுக் கூடுகளை நிறுத்தி, மேல்பாதியில் டார்ச் நெருப்பைக் காட்டி, நிறம் மாறியதும் தட்டிச் சாய்த்துவிடுவது பழைய முறை. நெருப்பு ஒரு பக்கமே படுவது அதில் குறை. நான் கை ட்ரில்லில் ஒரு சாக்கெட் மாட்டி, அதில் கூட்டை நிறுத்தி மெதுவாகச் சுழற்றிக்கொண்டே நெருப்புக் காட்டுகிறேன். ஐந்தாறு விநாடிதான். விளக்கை அணைத்துவிட்டு அரை இருட்டில் செய்யணும். வாயோரம் மங்கலாகச் செவக்கத் தொடங்கினால் அப்போதே கொஞ்சம் தாண்டிவிட்டது என்று அர்த்தம், அடுத்த கூட்டுக்கு ஒரு விநாடி குறைக்கணும். குறிப்பிட்ட சூட்டில் உருகுகிற வண்ணப் பூச்சு இங்கே கடையில் கிடைக்கிறது. 400 டிகிரி செல்சியஸ் பூச்சை வாய்க்குள் தடவிவிட்டால் கண்ணை நம்ப வேண்டியதில்லை.

வாய் விறைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு அடையாளம் சொல்கிறேன். சுட்ட கூட்டை வெளியே எடுத்ததும் பக்கத்தைப் பாருங்க. வாயிலிருந்து பாதி உடம்புவரை கரி ஒழுகின மாதிரி கறுப்புக் கோடு இருந்தால் வாய் சரியாக அடைக்கவில்லை, காய்ச்ச நேரமாகிவிட்டது. கறுப்பு வாயோரத்தோடு நின்றிருந்தால் நல்ல பதம். மருமகன் படம் அனுப்பினால் அதைப் பார்த்தே அவனுக்குச் சொல்லலாம்.

பீளமேடு உலோகவியல் (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பட்டறைக்காரரின் இரண்டாவது கேள்விக்குப் பதில். அடியை மறுபடி விறைக்க வைக்க வழி இல்லை. எஃகைச் செவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் விறைக்கும், பித்தளைக்கு அது நடக்காது. மருமகன் தண்ணீரில் போட்டது சூட்டை நிறுத்தியது, அவ்வளவுதான். இந்தப் பித்தளை நூற்றுக்கு 70 செம்பு, 30 துத்தநாகம். அதை விறைக்க வைப்பது குளிர்ந்த நிலையில் வாங்கும் இடி ஒன்றுதான். அந்த இடியை வீட்டில் அச்சில்லாமல் கொடுக்க முடியாது. நாற்பதையும் சுத்தியலால் நசுக்கிப் பழைய பித்தளைக்குப் போடச் சொல்லுங்கள். நசுக்காமல் போட்டால் வேறு யாராவது எடுத்துச் சுட்டுவிடுவார்கள்.

வாயைச் சில விநாடி காய்ச்சுவதற்கு 400 டிகிரி செல்சியஸ் அளவு போதும் என்று டென்வர் தம்பி சொன்னது சரி. அடிப்பாகம் 250-ஐத் தொடக்கூடாது. சூடு பித்தளையில் வேகமாக இறங்கும் என்பதால்தான் விநாடிக் கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் மண்ணோடு சம்பந்தப்பட்டது. வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தியாவில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் யாரும் தொடாமலே பிளந்து கீறின. மழைக்காலத்தில் வந்ததால் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வைத்தார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வருகிற அமோனியா, காற்றின் ஈரம், இழுத்துச் செய்த பித்தளைக்குள் மிச்சமிருந்த இறுக்கம், மூன்றும் சேர்ந்து கூட்டைப் பிளந்தன. 1921-ல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று பேர் இதை விளக்கினார்கள். என் மாணவர்களுக்கு வருஷா வருஷம் இதைச் சொல்லியிருக்கிறேன். மருமகனிடமும் சொல்லுங்கள்: அமோனியா கலந்த பாலிஷ் எதையும் கூட்டின் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. பளபளப்பு வரும், உள்ளே கீறல் விழும்.

அனுப்பர்பாளையம் பட்டறை

ரெண்டு பேருக்கும் கோடி நன்றிங்க. டென்வர் தம்பி எழுதினதில் முதல் பத்தியைப் படித்ததுமே கூப்பிட்டுவிட்டேன். பையன் தூக்கக் கலக்கத்தில், "நாற்பதும் போச்சா மாமா?" என்றான். போச்சு என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. மருந்து எதிலும் வைக்கவில்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

ரெண்டு பதம் என்று தம்பி சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. மெல்லிசான செம்பில் கைப்பிடியைப் பற்றவைக்கும்போது, முன்னே பற்றவைத்த இடம் விட்டுவிடக் கூடாது என்று ஈரச் சாக்கைச் சுற்றித்தான் நெருப்புக் காட்டுவேன். அதையே தட்டில் தண்ணீர் என்கிறார்கள். கையில் இருந்த பாடம்தான். கூட்டைப் பாத்திரமாகப் பார்த்துவிட்டேன்.

இன்னும் சில கேள்வி. ஒன்று, அவன் கூடுகளைப் புளி போட்டுக் கழுவுகிறான், அக்கா சொல்லிக் கொடுத்தது. அது ஆகுமா? ரெண்டு, புதுக் கூடு வாங்கினால் எந்த மாதிரி வாங்கணும், வாங்கினதும் என்ன செய்யணும்? அவன் இப்போது வைத்திருந்தது கடையில் வாங்கின பழசு, அடியில் மூணு நாலு விதமான கம்பெனி முத்திரை இருந்தது.

பீளமேடு உலோகவியல்

புளி தாராளமாக ஆகும். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக். இரண்டும் களிம்பை எடுக்கும், பித்தளையை அதிகம் கடிக்காது. ஆனால் சில நிமிடம்தான். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் துத்தநாகம் கரைந்து, மேலே இளஞ்சிவப்பாகச் செம்பு தெரியும். அந்த நிறம் துடைத்தும் போகவில்லையென்றால் அந்தக் கூட்டைத் தள்ளிவிட வேண்டும். கழுவியபின் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்தால் போதும்.

கோபிக்காரன், டென்வர்

கழுவும் நேரத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்லணும். கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் உப்பும் கசடுமாகக் கூட்டிலேயும் ரைஃபிள் குழாயிலேயும் தங்கிவிடும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பித்தளையைத் தின்னும். நான் சுடுகிற திடலிலேயே ஒரு பெரிய ஜாடியில் தண்ணீரும் நாலு சொட்டுப் பாத்திர சோப்பும் கலந்து வைத்திருப்பேன். சுட்ட கூட்டின் பிரைமரை அங்கேயே தட்டி எடுத்துவிட்டு ஜாடியில் போடுவேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வண்டி குலுங்கலில் பாதி கழுவிவிடும். வந்ததும் சுடுதண்ணீரில் அலசி, பிரைமர் குழியைச் சின்ன பிரஷ்ஷால் துடைத்தால் முடிந்தது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் பச்சைக் களிம்பு பூத்துவிடும், அப்புறம் புளிக்கும் வேலை கூடும்.

எந்தக் கூடு என்றால், ஒரே கம்பெனியில் ஒரே தடவையில் வாங்கினது. இங்கே கருமருந்து சுடுகிறவர்களில் நிறையப் பேர் ஸ்டார்லைன் வாங்குகிறார்கள், நானும் அதுதான். நாலு முத்திரை கலந்து கிடந்தால் போட்டியில் சுட முடியாது. காரணம் இதுதான். கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் விடவே கூடாது, குண்டு மருந்தின்மேல் அழுத்தி உட்காரணும். ஒரு கம்பெனிக் கூட்டின் சுவர் கனமாக இருந்தால் உள்ளே இடம் குறையும், அதே அளவு மருந்து உயரமாக நிற்கும், அழுத்தம் மாறும். 500 மீட்டர் போய்ச் சேரும்போது கடாவின் முதுகுக்குமேல் ஒன்றும் காலுக்குக் கீழே ஒன்றுமாகப் போகும். அதனால் நான் ஒரே பையில் வந்த கூடுகளையும் தராசில் போட்டு எடைவாரியாகப் பிரிக்கிறேன். நகைக்கடைத் தராசு மாதிரி சின்னது போதும்.

புதுக் கூடு வந்ததும் சிலதில் வாய் நசுங்கியிருக்கும். விரிக்கும் கோலை உள்ளே விட்டு வட்டமாக்கணும். அப்புறம் நீளம். 45-70-க்குக் குறிப்பு அளவு 2.105 அங்குலம், ஐம்பத்து மூன்றரை மில்லிமீட்டர். எல்லாம் ஒரே நீளமாக வரும்படி வெட்டி, வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடுக்கணும். பட்டறையில் ஓரம் வெட்டினதும் விரலை ஓட்டிப் பார்ப்பீர்களே, அதே பக்குவம். ஈயக் குண்டு மெத்து, பிசிறு இருந்தால் உட்காரும்போதே சீவி எடுத்துவிடும். அதனால்தான் வாயை இம்மியளவு மலர்த்தியும் விடுவது. ரொம்பவும் குட்டையாக வெட்டிவிட்டால் கூட்டின் வாய்க்கும் குழாயின் தொடக்கத்துக்கும் நடுவில் இடைவெளி விழும், அங்கே குண்டின் ஈயம் வழிந்து வளையமாகப் படியும். பிரைமர் பொறி வருகிற துளையின் உள்பக்கம் சில கூடுகளில் பிசிறு இருக்கும், அதையும் ஒரு தடவை எடுத்துவிட்டால் ஆயுளுக்கும் போதும்.

ஒரு முறை சுட்டதும் கூடு அவன் ரைஃபிளின் அறைக்கேற்ற வடிவத்துக்கு விரிந்துகொள்ளும். அதன்பின் முழுக்கூட்டையும் அச்சில் போட்டுச் சுருக்க வேண்டாம். சுருக்குவதும் விரிவதுமாக இருந்தால் அதுவும் அடி வாங்குகிற மாதிரிதான், சீக்கிரம் விறைக்கும். அவன் கூடுகள் அஞ்சாறு தடவையில் கீறினதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்க. என்னிடம் ஒன்பது வருஷக் கூடுகள் இன்னும் ஓடுகின்றன.

அண்ணா, மருமகன் இருப்பது கொலராடோவில் எந்தப் பக்கம்? என்னிடம் பிரிக்காத பை ஒன்று இருக்கிறது, 50 கூடு. ஞாயிற்றுக்கிழமைக்கு அவன் போட்டியை விட வேண்டாம்.

ஈரோட்டான்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். எங்கள் பாட்டனார் தோட்டத்துச் சாளையில் ஒரு டப்பாவில் பழைய பித்தளைத் தோட்டாக் கூடுகள் பத்துப் பன்னிரண்டு கிடக்கின்றன, வெறும் கூடுதான். ஒன்றிரண்டு முழுக்கூடு இல்லாமல், மெல்லிசுத் தகட்டைச் சுருட்டின மாதிரி பிரிந்து வருகிறது. நாமும் இப்படிக் கழுவிக் காய்ச்சிப் பார்க்கலாமா?

கோபிக்காரன், டென்வர்

வேண்டாமுங்க. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும், தோட்டாவின் பாகங்களும் அந்தச் சட்டத்துக்குள் வரும். நான் மேலே சொன்னதெல்லாம் உரிமையோடு செய்கிற ஊருக்கு. கூட்டைத் தேய்க்கக்கூட வேண்டாம். ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு அப்புறம் என்ன செய்வது என்று முடிவெடுங்க. பையில் போட்டுக்கொண்டு ரயிலிலோ விமானத்திலோ ஏறிவிடாதீங்க.

சுருட்டின தகடு என்றால் அது மார்ட்டினி ஹென்றி ரைஃபிளின் ஆரம்பகாலத் தோட்டாவாக இருக்கலாம். பிரிட்டிஷ் படை 1871-ல் எடுத்த ரைஃபிள். முதலில் அதற்குப் பித்தளைத் தாளைச் சுருட்டித்தான் கூடு செய்தார்கள். சூட்டில் அது அறையில் ஒட்டிக்கொண்டு, 1885-ல் சூடான் சண்டையில் ரைஃபிள்கள் அடைத்துப்போயின. அதற்குப் பிறகு இழுத்துச் செய்த முழுக்கூட்டுக்கு மாறினார்கள்.

அனுப்பர்பாளையம் பட்டறை

திங்கட்கிழமை காலையில் எழுதுகிறேன். டென்வர் தம்பி வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிப்போய்ப் பையனிடம் கூடுகளைக் கொடுத்திருக்கிறார். காசு வாங்கவில்லை. எங்கள் அக்கா அவர் அம்மாவைப் பார்க்கக் கோபிக்கு இந்த வாரம் போகிறாள், நான் ஒரு சொம்பு செய்து கொடுத்தனுப்புகிறேன்.

சனிக்கிழமை பையன் வீடியோவைத் திறந்துவைத்துக்கொண்டே 50 கூட்டுக்கும் வாய் பார்த்து, நீளம் வெட்டிப் பிசிறு எடுத்தான். நான் இங்கே உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புதுசு என்பதால் நெருப்பே காட்டவில்லை. ஒவ்வொன்றையும் முடித்ததும் மேஜைமேல் சாய்த்துக் காட்டச் சொன்னேன். அம்பதும் கிணீர்.

பழைய நாற்பதை அவன் சம்மட்டியால் நசுக்கினதையும் காட்டினான். ஒரே அடியில் அடிப்பாகம் தட்டையாகப் படிந்தது, வெண்ணெய் மாதிரி. அதைப் பார்த்ததும் கை நடுங்கியது.

போட்டியில் கோழி ரெண்டு, பன்றி நாலு, வான்கோழி ஒன்று, கடா மூணு. சுட்ட கூடுகளின் படம் அனுப்பியிருக்கிறான், கீழே போட்டிருக்கிறேன். கறுப்பு வாயோரத்தோடு நிற்கிறது. ரெண்டு கூட்டில் மட்டும் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. தம்பி பார்த்துச் சொல்லணும், அந்த ரெண்டையும் தனியாக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.